ஒரே வாங்கில் இருந்தவர்கள்

அத்தானின் காரை விற்பதற்கு முன்னர் அதைத் துப்புரவாக்கும் வேலையை அக்கா என் தலையில் கட்டினாள். மல்வேர்ன் வீட்டு வாசலில் மாரி முழுவதும் பனித்தெரு உப்புப் பூத்துக் கிடந்த கார் அது. ஓட்டுகிறவர் பக்கத்து வெயில் மறைப்பை இறக்கியதும் என் மடியில் ஓர் அட்டை விழுந்தது. பேஸ்போல் ஆட்டக்காரர்களின் படம் அச்சடித்துச் சிறுவர்களுக்கு விற்பார்களே, அந்த வகை. மூலைகள் மழுங்கி, வெயிலில் நிறம் வெளுத்து, அதிலிருந்த மனிதனின் முகம் பாதி போய்விட்டது. அக்கா வாசலில் நின்றபடி எட்டிப் பார்த்து, "உது ஆர்?" என்று கேட்டாள். அட்டையைப் பைக்குள் வைத்துவிட்டு இருக்கைக்கு அடியில் கிடந்த கோப்பிக் கோப்பைகளைப் பொறுக்கத் தொடங்கினேன்.

அவன் புகழ்பெற்ற ஆட்டக்காரன் அல்லன். மட்டைக்காரனுக்குப் பின்னால் முகமூடியும் கவசமும் போட்டுக் குந்தியிருந்து பந்து பிடிக்கிற வேலை அவனுடையது. அதிலும் மாற்று ஆள். முதல் ஆளுக்கு முழங்கால் நொந்தால் மட்டும் இறங்குவான், மற்ற நாட்களில் ஓரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருப்பான். ஆனால் எந்த அணியும் அவனை நெடுநாள் வைத்திருக்கவில்லை. ஊர் ஊராக மாற்றப்பட்டு, வட அமெரிக்காவில் பாதி அணிகளுக்கு ஆடி முடித்தவன். அதனால்தான் அத்தானுக்கு அவன்மேல் அத்தனை பிரியம். அவனுக்கு அவர் வைத்திருந்த பெயர் புறோக்கர்.

நான் இந்த நாட்டுக்கு வந்து அக்கா வீட்டு நிலவறையில் குடியிருந்த காலத்தில் அத்தானும் நானும் ஒரே பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்தோம். அவர் மெஷினில், நான் பொதி கட்டுகிற பகுதியில். கோடை முழுவதும் அங்கே வானொலியில் பேஸ்போல் ஓடும். முதலில் எனக்கு அது ஒரு விசர் விளையாட்டாகத்தான் தெரிந்தது. ஒருவன் எறிவான், மற்றவன் அடிக்கமாட்டான், எல்லோரும் துப்புவார்கள். அத்தானுக்கும் ஆட்டத்தில் அவ்வளவு ஈடுபாடு இல்லை என்றுதான் நினைக்கிறேன். அவரைப் பிடித்துக்கொண்டது மதியச் சாப்பாட்டு மேசையில் வெள்ளைக்கார மேற்பார்வையாளர் ஒருவர் பழக்கிவிட்ட வேறொரு விளையாட்டு. இன்றைக்கு ஆடுகிற ஒருவனைச் சொல்ல வேண்டும், நூறு வருடத்துக்கு முந்தைய ஒருவனையும் சொல்ல வேண்டும். இவன் யாரோடு ஒன்றாக ஆடினான், அந்த ஆள் அதற்கு முன் யாரோடு ஆடினான் என்று ஒவ்வொருவராகப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போய், அந்தப் பழைய மனிதனைத் தொட்டுவிட வேண்டும். கெட்டிக்காரர்கள் ஆறேழு பேரில் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

எங்கள் ஆட்களுக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு உலகத்தில் உண்டா. ஒரு புதுமுகத்தைக் கண்டால் நாங்கள் பெயரைக் கேட்பதில்லை. எவ்விடம், ஆரின்ரை மகன், அப்ப அந்தக் கிளாக்கருக்கு என்ன முறை என்று ஐந்து நிமிடத்துக்குள் அவரை எங்கேயாவது முடிந்துவிடுவோம். அத்தான் ஆட்டக்காரர்களையும் அப்படித்தான் வைத்திருந்தார். எல்லோருக்கும் பட்டப்பெயர். சண்டியன், இடக்கையன், மணியகாரர், பெரிய மீசை, சின்ன மீசை. வேலைக்குப் போகிற வழியில் காரில் இருந்துகொண்டு சின்ன மீசையிலிருந்து மணியகாரருக்குப் போகச் சொல்லுவார். நான் தடுமாறினால், "மச்சாள், புறோக்கரைப் பிடியும். எல்லாச் சம்பந்தமும் அவனாலைதான்" என்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் கடும் பிடிவாதம். இருவரும் ஒரே அணிக்கு, ஒரே வருடத்தில் ஆடினார்கள் என்பது அவருக்குப் போதாது. ஒருவன் ஆடி மாதத்தில் மாறிப்போயிருப்பான், மற்றவன் ஆவணியில் வந்திருப்பான். புத்தகம் இருவரையும் ஒரே பக்கத்தில் போட்டிருக்கும், ஆனால் ஒருவர் முகத்தை மற்றவர் கண்டிருக்கவே மாட்டார். "ஒரே வாங்கிலை பக்கத்திலை பக்கத்திலை இருந்திருக்க வேணும். இல்லாட்டி உது செல்லாது" என்று ஸ்டியரிங்கிலிருந்து வலது கையை எடுத்துக் காற்றைக் குறுக்கே வெட்டுவார். நான் நூல் நிலையத்தில் தேடி, மினக்கெட்டுக் கட்டிக்கொண்டு வந்த எத்தனையோ சங்கிலிகளை அந்தக் கை அறுத்துவிட்டது. எனக்குக் கோபம் வரும். இது என்ன கோட்டு வழக்கா என்று கேட்பேன். "வழக்கெண்டா லோயர் பொய் சொல்லலாம். இதிலை ஏலாது" என்பார்.

அவருடைய தம்பி வன்னியில் தண்ணீர்ப் பம்பு திருத்துகிற வேலை செய்தவர். அக்காவும் நானும் நேரில் பார்த்ததில்லை. அத்தானின் தகப்பனார் பள்ளிக்கூட ஆசிரியர், அதனால் ஊரில் அந்தத் தம்பிக்குப் பெயரே இல்லை, மாஸ்டரின் கடைசி மகன் என்றுதான் சொல்வார்களாம். ரெலிபோனில் அத்தான் கேட்கிற கேள்விக்கெல்லாம் ஓம், இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். "அவன் வாய் திறக்க மாட்டான், பம்பு மட்டும்தான் அவனோடை கதைக்கும்" என்று அத்தான் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. போர் முடிந்த வைகாசியில், வெளியே வந்த சனங்களுக்குள்ளிருந்து ராணுவம் அவரைப் பிரித்தெடுத்து முகாமுக்குப் போகிற பஸ்ஸில் ஏற்றியதை அயல்வீட்டு அன்ரி ஒருவர் கண்டார். பிறகு அவரைக் கண்டவர் எவருமில்லை.

அதற்குப் பிறகு அத்தான் எங்கே போனாலும் அந்த ஒன்றைத்தான் தேடினார். அஜின்கோர்ட் கடையில் மீன் வெட்டுகிறவரிடம், பிறந்தநாள் மண்டபத்தில் பக்கத்து மேசைக்காரரிடம், செத்தவீட்டில் செருப்புக் கழற்றுகிற இடத்தில் நின்றவரிடம். நீங்கள் எந்த முகாம், எப்ப போனனீங்கள், உங்களோடை ஆர் ஆர் இருந்தவை. யாராவது, தம்பியோடு இருந்த ஒருவரோடு இருந்தேன் என்று சொன்னாலும் போதும், அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம் என்று நம்பினார். விண்ணப்பங்கள் போட்டார், அலுவலகங்களுக்கு எழுதினார், எல்லாம் செய்தார். ஆனால் அவர் உண்மையில் நம்பியது அந்த ஒரே வாங்கைத்தான்.

அஜக்ஸ் நகரில் ஒருவர் இருக்கிறார், அந்த முகாமில் மாஸ்டரின் மகனோடு இருந்தவராம் என்று ஒருநாள் யாரோ சொன்னார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமையே போனோம். அக்காவுக்கு வேலை, நான்தான் கூடப் போனேன். நானூற்றியொன்று நெடுஞ்சாலையில் எல்லாக் கார்களும் எங்களை முந்திக்கொண்டு போயின. அத்தான் வேகத்தைக் கூட்டவில்லை. போய்ச் சேர அவருக்குப் பயமாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

அஜக்ஸ்காரர் மெலிந்த, மிருதுவான மனிதர். புது வீடு, மகனுடையது. எங்களை இருத்தி, பால் விடாத பிளேன்ரீ கொண்டுவந்து, தானாகவே தொடங்கினார். "மாஸ்டரின்ரை கடைசிப் பெடியன். தெரியாமல் என்ன. எனக்குப் பக்கத்துப் பாய். சாப்பாட்டு லைனிலை நிக்கேக்கை பகிடி விட்டுச் சனத்தைச் சிரிக்கப் பண்ணுவான். அவன் இல்லாட்டி நாங்கள் விசராகியிருப்பம்."

அத்தான் முன்னுக்குச் சரிந்தார். "பகிடி விடுவானோ?"

"ஓம். என்ன கேக்கிறியள். பகிடியெண்டாப் பகிடி."

அத்தானின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. பிறகு அந்த மனிதர் தன் கதைக்குப் போனார். மாசியிலேயே வெளியே வந்த ஆட்கள் தாங்கள் என்றும், சித்திரை வருஷம் பிறக்க முதலே தன்னை வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள் என்றும், அப்போது அந்தப் பெடியன் வேலிக்கரைவரை வந்து கை காட்டினான் என்றும் சொன்னார். சொல்லும்போது அவருடைய கண் கலங்கியது. அவர் பொய் சொல்லவில்லை. அதை நான் எங்கேயும் சொல்லுவேன்.

சித்திரைக்கு முன். எங்கள் தம்பியைப் பஸ்ஸில் ஏற்றியது வைகாசியில். நான் அத்தானின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது கோப்பையின் பிடியில் இருந்தது. அவருக்கு விளங்கவில்லை என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். நூறு வருடத்து ஆட்டக்காரர்களில் எவன் எந்த மாதத்தில் ஊர் மாறினான் என்று தூக்கத்திலும் சொல்லக்கூடிய மனிதர் அவர். கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தார். "வேறை என்ன சொல்லுவான், அண்ணை?" என்று கேட்டார்.

ஊரில் மாஸ்டர்மார் எத்தனை பேர், அவர்களுக்குக் கடைசி மகன்கள் எத்தனை பேர். எங்களுக்குப் பெயர் கேட்கிற பழக்கம் இருந்திருந்தால் அந்தப் பிழை முதல் வசனத்திலேயே தெரிந்திருக்கும். அஜக்ஸ்காரர் பக்கத்துப் பாய் என்றாரே, அந்தப் பாயில் படுத்தவன் வேறொரு மாஸ்டரின் பிள்ளை. அந்த வீட்டாரும் எங்கோ இருந்து அவனைத் தேடியிருப்பார்கள். அவர்களுக்குச் சேர வேண்டிய பகிடியும் கை காட்டலும் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டன.

திரும்பி வரும்போது அந்த மாதக் கணக்கை நானும் எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அத்தான் யாழ்ப்பாணத்துக்கு ரெலிபோன் எடுத்துத் தாயிடம் சொன்னார். "அம்மா, தம்பியோடை ஒண்டாய் இருந்த ஆளைக் கண்டனான்." அந்தப் பக்கத்தில் மனுசி அழுதது அறைக்கு வெளியே எங்களுக்குக் கேட்டது. பிறகு, தம்பி சனத்தைச் சிரிக்கப் பண்ணினவனாம் என்று சொன்னார். பக்கத்தில் நின்ற அக்காவும் அழுதாள். நல்ல செய்தி வந்த வீட்டைப் போலத்தான் அன்றைக்கு எங்கள் வீடு இருந்தது. அந்தத் தாய் இரண்டு வருடம் கழித்து அந்தச் செய்தியோடேயே போய்ச் சேர்ந்தார்.

பிறகு ஒரு காலை, வேலைக்குப் போகிற வழியில், பெரிய மீசையிலிருந்து சண்டியனுக்கு ஒரு சங்கிலி சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் நடுவில் ஓட்டை இருப்பது எனக்கே தெரிந்தது. ஒருவன் ஆடியில் போனவன், மற்றவன் ஆவணியில் வந்தவன். கை வரும் என்று காத்திருந்தேன். சிவப்பு விளக்கு விழுந்தது, பச்சையும் வந்தது. அத்தான் காரை எடுத்தபடி, "இருக்கட்டும்" என்றார். அதற்குப் பிறகு நாங்கள் அந்த விளையாட்டை விளையாடவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை, அவரும் தொடங்கவில்லை. வானொலியில் ஆட்டம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் அஜக்ஸுக்குப் போவதை அவர் விடவில்லை. பெட்டித் தொழிற்சாலை மூடி, நான் கலியாணம் முடித்து வேறிடம் போய், அவர் வேலையிலிருந்து ஓய்ந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கம் கார் போகும். இருவரும் பிளேன்ரீயோடு இருந்து, தம்பியைப் பற்றிக் கதைப்பார்களாம். காலப்போக்கில் அத்தான் எங்களிடமும், "தம்பி சின்னனிலையே நல்ல பகிடிக்காரன்" என்று சொல்லத் தொடங்கினார். பம்போடு மட்டும் கதைத்த அந்த மனிதரை அவரே மெல்ல மெல்ல அழித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் பட்டது. அதைச் சொல்லுவதற்கு எனக்கு என்ன உரிமை. உள்ள தம்பியைப் பற்றிக் கதைக்க அவருக்கு ஒருவரும் இருக்கவில்லை. இல்லாத தம்பியைப் பற்றிக் கதைக்கவாவது அஜக்ஸில் ஒரு மனிதர் இருந்தார்.

இந்தத் தை மாதம் அத்தான் போய்விட்டார். மாரடைப்பு, பனி தள்ளிவிட்டு வந்து கதிரையில் இருந்தபடியே. உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்துக்கு அஜக்ஸ்காரரை மகன் கூட்டிக்கொண்டு வந்தார். நன்றாகத் தளர்ந்துவிட்டார். நீங்கள் இவைக்கு என்ன முறை என்று வழக்கம்போல் யாரோ கேட்க, "தம்பியோடை முகாமிலை இருந்தனான்" என்றார். கேட்டவர் மரியாதையாக எழுந்து கதிரை கொடுத்தார். போகும்போது என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "இனி ஆர், பிள்ளை, என்னட்டை வந்து அந்தப் பெடியனைப் பற்றிக் கேக்கப் போயினம்" என்றார். அந்த மனிதருக்கும் எல்லாம் தெரிந்திருந்ததா என்று நான் அன்றிலிருந்து யோசிக்கிறேன். விடை வராது, கேட்கவும் மாட்டேன்.

காரைத் துடைத்து முடித்து உள்ளே போனேன். அக்கா குசினி மேசையில் காரின் திறப்புகளை வைத்துக்கொண்டு இருந்தாள். பைக்குள்ளிருந்து அட்டையை எடுத்து அவளுக்கு முன்னால் வைத்தேன். அவள் அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

"உது ஆரெண்டு கேட்டனான், நீ சொல்லேல்லை."

"புறோக்கர். அத்தான் வைச்ச பேர். பெரிசாய் ஒண்டும் ஆடேல்லை. ஆனால் எல்லாரோடையும் ஒரு வாங்கிலை இருந்தவன்."

அக்கா அட்டையின் வெளுத்துப்போன முகத்தைப் பெருவிரலால் தடவினாள். "எங்கடை அஜக்ஸ் அண்ணையைப் போலை," என்றாள். "அந்த மனிசனும் இல்லாட்டி, தம்பி ஆரோடை இருந்தான், எப்பிடி இருந்தான் எண்டு ஒண்டுமே தெரியாமலெல்லோ இவர் போயிருப்பார். தம்பியும் அவரும் ஒண்டாய்த்தானே இருந்தவை, என்ன?"

என் வலது கை மேசையில் கிடந்தது. அதை மடிக்குள் வைத்துக்கொண்டேன்.

"ஓம் அக்கா," என்றேன். "பக்கத்துப் பாய்."