பத்மநாதன் பூட்டிய ரிவர்ஸ் கியர்

பத்மநாதன் எவரையும் எடுத்தவுடன் நம்புகிற ஆள் இல்லை. ஜெர்மனியில் கியர்ப்பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பதினொரு வருடம் வேலை செய்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். ஈஸ்ட் ஹாமில் ஒரு பின்தெருவில் மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருந்தார். 2005இல் யாரோ கொண்டுவந்த வண்டிக்குச் செயின் மாற்றிக் கொடுத்தார். அது களவெடுத்த வண்டி. ஒருநாள் முழுக்கப் பொலிசில் இருந்து பதில் சொல்லவேண்டி வந்தது. அதற்குப் பிறகு, வருகிறவரின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் வண்டியின் நம்பரைப் பார்க்கிற ஆளாகிவிட்டார்.

அடுத்த ஏப்ரலில் ஒரு காலை, தூரப் பயணத்துக்கென்றே செய்த பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்று கராஜுக்குள் வந்து நின்றது. இரண்டு பக்கமும் பெட்டி, பின்சீட்டுக்குச் சாய்மானம். முந்நூற்றைம்பது கிலோவுக்குக் குறையாது. ஓட்டிவந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். ஐம்பது வயது மதிக்கத்தக்க, கட்டையான தமிழ்ப் பெண்.

"அண்ணை, இதுக்கு ரிவர்ஸ் கியர் பூட்ட ஏலுமோ?"

"ஏலும். ஆரின்ரை வண்டி?"

"இவரின்ரை."

"அவர் வரேல்லையோ?"

"அவருக்கு வர ஏலாது."

வண்டியின் உரிமைப் பத்திரமான லொக் புக்கைக் கேட்டார் பத்மநாதன். போட்டோ கொப்பிதான் நீட்டினாள். சவிரிமுத்து என்ற பெயரும் குட்மேய்ஸ் விலாசமும் இருந்தன. தன் பெயர் மரியநாயகி என்றாள். ரிவர்ஸ் எதற்கு என்று கேட்டதற்கு, "தேவைப்படுது" என்றுவிட்டு, வண்டியை அங்கேயே விட்டு பஸ்சுக்கு நடந்தாள்.

பத்மநாதனுக்கு உள்ளுக்குள் அரிக்கத் தொடங்கியது. ஒடுக்கமான இடத்துக்குள் புகுந்து அவசரமாக வெளியே வருகிற ஆட்களுக்குத்தானே ரிவர்ஸ் வேண்டும்? பக்க மூடியைக் கழற்றியபோது சந்தேகம் இரட்டித்தது. பற்றறியில் ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி. கார்புரேற்றரில் ஒன்று. பின்பிரேக்கில் ஒன்று. நகப்பூச்சு! வண்டிகளைக் கழற்றி விற்கிற கூட்டத்தின் அடையாளமாக்கும் என்று நினைத்தார். பொலிசுக்கு அடிக்கப் போனை எடுத்தார்; போன தடவை அங்கே இருந்த இருப்பு நினைவுக்கு வர, வைத்துவிட்டார். முதலில் அந்த வீட்டைப் போய்ப் பார்ப்போம்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் குட்மேய்ஸ் போனார். விலாசம் சரியாகவே இருந்தது. பெல்லை அடித்துவிட்டு நிற்கையில், உள்ளே யாரோ சுவரைத் தடவித் தடவி வரும் சத்தம். கதவைத் திறந்தது மெலிந்த, உயரமான ஒரு மனிதர். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். முகம் பத்மநாதனுக்கு இடப்பக்கமாகத் திரும்பியிருந்தது.

"ஆர் அது?"

"கராஜிலையிருந்து... சீட்டின்ரை உயரம் கேக்க வந்தனான்" என்று வாயில் வந்ததைச் சொன்னார் பத்மநாதன்.

சமையலறையிலிருந்து ஓடிவந்த மரியநாயகிக்கு விளங்கிவிட்டது. "உயரம் கேக்க இல்லை. களவெடுத்த வண்டியோ எண்டு பாக்க வந்திருக்கிறியள்" என்றாள். ஒறிஜினல் லொக் புக்கைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள்.

சவிரிமுத்துதான் அவளைச் சமாதானப்படுத்தி, வந்தவரை இருத்தி, நடந்ததைச் சொன்னார். டென்மார்க்கில் இருந்த காலத்திலிருந்தே அவருக்கு மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். மூன்று வருடத்துக்கு முன் சலரோகம், அந்தச் சர்க்கரை வியாதி, கண்ணைக் கொண்டுபோய்விட்டது. வண்டியை விற்கப் போனபோது மரியநாயகி மறித்தாள். நாற்பத்தொன்பதாவது வயதில் ஓட்டப் பழகி, இரண்டு முறை பெயிலாகி, மூன்றாம் முறை லைசன்ஸ் எடுத்தாள். இப்போது அவள் முன்னால், அவர் பின்னால்.

"போன கோடையிலை சவுத்எண்ட் கடற்கரைக்குப் போனனாங்கள்" என்றாள் மரியநாயகி. "கார்பார்க்கிலை சரிவிலை கீழே பாக்க ஒரு மதிலுக்கு முன்னாலை விட்டிட்டன். திரும்பேக்கை இவரும் ஏறி இருக்க, வண்டியைப் பின்னுக்கு இழுக்க ஏலாமல் போச்சு. இவரை இறக்கி ஒரு பக்கமா நிப்பாட்டினன். நான் வண்டியோட மல்லுக்கட்ட, இவர் சத்தத்தைக் கேட்டு ரெண்டு அடி தள்ளி வந்திட்டார். ஒரு வான் உரசிக்கொண்டு போச்சுது, அண்ணை."

அதை வேற்று மனிதரிடம் சொல்ல அவளுக்கு அவமானமாக இருந்திருக்கிறது.

பத்மநாதன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்: "அப்ப அந்தச் சிவப்புப் புள்ளியள்?"

"முந்தி ஒரு கராஜிலை புதுப் பற்றறியை எடுத்துப்போட்டுப் பழசைப் பூட்டி விட்டவங்கள். அதாலை நான்தான் குறி வைச்சனான்" என்றாள் மரியநாயகி.

"என்னிலையும் சந்தேகமோ?"

"ஓம். பின்னை?"

சவிரிமுத்துவுக்கு அடக்கமுடியாத சிரிப்பு வந்தது. மற்ற இருவரும் சிரிக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது பத்மநாதனைக் கவலை பிடித்துக்கொண்டது. ரிவர்ஸுக்கென்று வண்டி வந்த அன்றே அவர் ஓடர் கொடுத்திருந்த மின்மோட்டார் ஓர் ஆளின் பாரத்துக்கு மட்டும் கணக்குப் பார்த்தது. இரண்டு பேரோடு சரிவில் அது இழுத்திருக்காது. திங்கள் காலையே ஓடரை மாற்றினார். பின்சக்கரத்தின் நடுவில் ஒரு பல்வளையம், பக்கத்தில் மோட்டார். பொத்தானை அமர்த்தினால் மோட்டாரின் பல் வளையத்தைக் கடித்து, நடை வேகத்தில் வண்டியைப் பின்னுக்குக் கொண்டுபோகும். நியூட்ரலில் இல்லாவிட்டால் கரண்ட் போகாதபடி வயர் இழுத்தார். வேலை முடிய மூன்று கிழமை ஆனது.

கராஜ் வாசலில் தெருவுக்கு ஏறுகிற சாய்வு ஒன்று இருந்தது. அதில் முன்சக்கரம் கீழே பார்க்க வண்டியை நிறுத்தி, இருவரையும் ஏற்றினார். மரியநாயகி பொத்தானை அமர்த்தினாள். முனகிக்கொண்டு வண்டி பின்னுக்கு ஏறத் தொடங்கியது.

சவிரிமுத்து மனைவியின் தோளை இறுக்கிப் பிடித்தார். "மரியம், நாங்கள் பின்னுக்கே போறம்?"

"ஓம். பேசாமல் இருங்கோ" என்றாள்.

ஜூனில் ஒருநாள் சவுத்எண்டிலிருந்து அவள் போன் எடுத்தாள். அதே கார்பார்க்காம். வண்டியை வெளியே எடுத்தாயிற்றாம். இவர் இறங்கவே இல்லையாம்.

"மோட்டார் சுட்டதோ?" என்று கேட்டார் பத்மநாதன்.

"தொட்டுப் பாத்தனான். இளஞ்சூடுதான், அண்ணை."

"அப்ப சரி. கவனமா வாங்கோ" என்றார்.