கிணற்றுப் பொந்தில் வைத்த சீஸ்

என் கணவர் கப்பலிலிருந்து முதல் தடவை விடுமுறையில் வந்து பெட்டியைத் திறந்தபோது, மாமி கேட்ட முதல் கேள்வி இதுதான்: "மோனை, வழியிலை எலி ஏதும் உதுக்கை பூந்து செத்துப்போச்சோ?"

எழுபதுகளின் நடுப்பகுதி அது. வெளிநாட்டுச் சாமான்களைக் கடைகளில் கண்ணால் காண முடியாத காலம். எங்கள் கடற்கரைப் பட்டினத்தில் கப்பலுக்குப் போன ஒருவர் ஊருக்கு வந்தால் பெட்டி திறப்பதைப் பார்க்கவே அயல் வீட்டார் வந்துவிடுவார்கள். அன்றும் வந்தார்கள். எனக்கு இரண்டு நைலெக்ஸ் சேலை, வாசனைச் சவர்க்காரம், யாழ்ப்பாணத்து வெயிலில் யாருக்கும் தேவைப்படாத ஒரு கம்பளிப் போர்வை. எல்லாவற்றுக்கும் நடுவில் துணியால் சுற்றிய ஒரு தகர டின். சவர்க்காரத்தின் வாசனையைக்கூட அது விழுங்கிவிட்டிருந்தது.

"சீஸ் அம்மா. பாலிலை செய்யிறது" என்றார் அவர்.

"பாலோ? உந்தப் பாலைக் கறந்த மாடு செத்து எத்தினை நாள்?"

வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்புத்தான். கொழும்பிலிருந்து வந்த ரயிலில் பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பிப் போனதால், அநுராதபுரத்துக்குப் பிறகு தான் கால் நீட்டிப் படுத்து வந்ததாகச் சொன்னார். ஆனால் மாமி விடவில்லை. அந்த டின் வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் கணவர் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். எங்கே வைத்தார் என்று நாங்கள் கேட்கவில்லை.

மாமி இப்படி முகம் சுளித்தது எனக்குப் புதினமாக இருந்தது. ஏனென்றால் மணமான சாப்பாட்டுக்காகவே உயிர் வாழ்ந்தவர் அவர். நான் உடுப்பிட்டியில் மீன் மச்சம் அபூர்வமாகச் சமைக்கும் வீட்டில் வளர்ந்தவள். கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்தபோது முற்றத்தில் சுறாவும் திருக்கையும் காய்ந்துகொண்டிருந்தன. காய்ந்த திருக்கையின் நெடி கண்ணைக் கரிக்கும். மாமி அதைத் தணலில் சுட்டு, கல்லில் தட்டி, சின்ன வெங்காயமும் தேங்காய்ப்பூவும் சேர்த்துப் பிசைந்து சாப்பிடுவார். "மணமில்லாத கறிக்கு என்னத்துக்குச் சோறு?" என்பார். நான் சேலைத் தலைப்பை மூக்கில் கட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்பேன். மாமி அதைப் பார்த்தும் பாராதது போல இருந்துவிடுவார். ஒருநாள்கூட அதற்காக என்னைக் கடிந்ததில்லை.

டின் வெளியே போய்ச் சில நாட்களில் கிணற்றில் பிரச்சினை தொடங்கியது. எங்களுக்கும் பக்கத்து வளவுக்கும் பங்குக் கிணறு. பக்கத்து வளவு அண்ணை சொந்தமாக வள்ளம் வைத்து மீன்பிடித் தொழில் செய்தவர். அவர் காலையில் குளிக்க வந்து, வாளியை இறக்காமலே எங்கள் வாசலுக்கு வந்து மாமியைக் கூப்பிட்டார்.

"அக்கா, கிணத்துக்கை பூனை விழுந்திட்டுது போலை. கிட்டப் போகேலாமக் கிடக்கு."

என் கணவர் கப்பல் அலுவலாக யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போயிருந்தார். நாங்கள் எல்லோரும் கிணற்றைச் சுற்றி நின்று எட்டிப் பார்த்தோம். தண்ணீரில் எதுவும் மிதக்கவில்லை. ஆனால் மணம் மட்டும் குப்பென்று மேலே வந்தது. பூனை அடியில் கிடக்கிறது என்று முடிவாயிற்று. தோட்டக்காரர் ஒருவரிடமிருந்து இறைக்கிற மெசினைக் கொண்டுவந்து பூட்டினார்கள். வாழைக்கெல்லாம் தண்ணீர் ஓடியது. மத்தியானம் ஆகும்போது அடி தெரிந்தது. சேறும் ஓர் ஓட்டை வாளியும்தான் அங்கே இருந்தன. அடியில் இறங்கி நின்ற அண்ணை மூக்கை உயர்த்தி இங்கும் அங்கும் பார்த்தார். பிறகு கிணற்றுச் சுவரில் பாதி ஏறி, குருவி கூடு கட்டும் பொந்துக்குள் கையை விட்டார்.

"ஆரோ டின் ஒண்டு வைச்சிருக்கினம்" என்று கீழிருந்து குரல் வந்தது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான் என்று என் கணவர் கண்டுபிடித்திருக்கிறார். மேலே வந்த அண்ணை மூடியைத் திறந்ததும், நின்றவர்கள் எல்லோரும் இரண்டடி பின்னால் போனார்கள். சுண்ணாம்பு போல வெளிறிய தோல்; உள்ளே இருந்தது ஓரங்களில் மஞ்சளாக வழிந்துகொண்டிருந்தது.

"எங்கடை கருவாட்டு வாடியிலைகூட உப்பிடி நாறேல்லை. கடலிலை எறிஞ்சிட்டு வாறன் அக்கா."

"பொறு" என்றார் மாமி.

டின்னை வாங்கினார். கருவாடு வாங்கும்போது எப்படிப் பார்ப்பாரோ அப்படியே பார்த்தார். பெருவிரலால் அமத்தினார். ஓரத்தைக் கிள்ளி, விரல்களுக்கிடையில் உருட்டி, கண்ணை மூடிக்கொண்டு மோந்தார். பிறகு, நாங்கள் தடுக்க முன்னர், வாயில் போட்டார். மாமி மெதுவாக மென்று விழுங்கினார்.

"உது பழுதாப் போன சாமானில்லை. பழுத்த சாமான்."

அண்ணைக்கு ஒரு துண்டு நீட்டினார். அவர் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அன்று இறைத்த கிணறு ஊறி வரும்வரை இரண்டு வீடும் தெருக் கிணற்றில் தண்ணீர் அள்ளினோம்.

பின்னேரம் என் கணவர் வந்ததும் நடந்ததைக் கேட்டுத் தலையில் கை வைத்தார். நேரே பக்கத்து வளவுக்குப் போய் அண்ணையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். மாமி ஏசுவார் என்றுதான் நான் நினைத்தேன். மாமி டின்னை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"உதை எப்பிடி மோனை தின்னப் பழகினனீ?"

"கப்பல்லை எல்லாம் அவிச்ச சாப்பாடு அம்மா. ஒண்டிலையும் மணமில்லை. வாயிலை வைச்சால் என்ன சாப்பிடுறன் எண்டே தெரியாது. மெசின் அறையிலை என்னோடை வேலை செய்த பிரெஞ்சுக்காரன் ஒருத்தன் ஒருநாள் உதைத் திறந்தான். மற்றவங்கள் ஓடிட்டாங்கள். எனக்கு எங்கடை முத்தத்திலை நிக்கிற மாதிரிக் கிடந்தது. அண்டைக்குத் துவங்கினதுதான்."

மாமி எழும்பினார். டின்னை எடுத்துப் போய், அடுப்படியில் உறி ஒன்றில் கருவாட்டுச் சட்டிக்குப் பக்கத்தில் தூக்கிவிட்டார்.

அடுத்த நாள் காலை மாமி பழஞ்சோறு குழைத்தார். தயிர், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் உப்பு. அதற்குள் சீஸை உதிர்த்துப் போட்டுப் பிசைந்து உருண்டை உருண்டையாகப் பிடித்துக் கையில் தந்தார். மகனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. எனக்குச் சீஸ் சேர்க்காமல் வேறாக வைத்திருந்தார். அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிச் சாப்பிடுவதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அவர் இன்னும் சில கிழமைகளில் திரும்பப் போய்விடுவார். அந்த ருசியில் மட்டும் நான் வெளியே நிற்பானேன் என்று தோன்றியது.

"எனக்கும் உதிலை ஒண்டு தாங்கோ மாமி" என்றேன்.

மாமி என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சின்னதாய் ஓர் உருண்டை பிடித்துத் தந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு வாயில் போட்டேன். முதலில் நெடி மூக்கில் ஏறியது. அதற்குப் பின்னால் உப்பும், நெய்யில் இருப்பது போன்ற ஒரு கொழுப்பும், வெங்காயத்தின் காரமும் வந்தன. நன்றாக இருந்தது என்று அன்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டாவது உருண்டைக்கும் கை நீட்டினேன். திருக்கை வாட்டினால் மூக்கைக் கட்டும் பழக்கமும் கொஞ்ச நாளில் என்னை அறியாமலே போய்விட்டது.

முதல் தடவை கப்பலுக்குப் போகும்போது அவர் தாயிடம் "என்ன கொண்டரட்டும்?" என்று கேட்டிருந்தார். "நீ சுகமா வந்து சேர், அது காணும்" என்பதுதான் அன்று மாமியின் பதில். திரும்பிப் போகும்போது அவர் மறுபடியும் கேட்டதும் மாமி, "அந்த நாத்தல் சாமானிலை ஒரு துண்டு" என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு டின் வந்தது. நீல நரம்பு ஓடியது, தோல் செம்மஞ்சளாய்ப் பிசுபிசுத்தது, ஆட்டுப்பாலில் செய்தது என்று விதம் விதமாக வந்தன. நீலத்தை மாமி மாசிக் கருவாட்டோடு ஒப்பிட்டார். ஆட்டுப்பால் சீஸ் மணம் காணாது என்று குறை சொன்னார். அயலில் எவரும் அதைத் தொடவில்லை. எங்கள் மூன்று பேருக்கு மட்டுமே உரிய ஒரு சாப்பாடாக அது இருந்தது. அந்தக் காலைகளில் அடுப்படி நிலத்தில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பை இப்போது நினைத்தாலும் வயிறு நிறையும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மாமி நெஞ்சு வலியில் படுத்து, இரண்டு நாளில் போய்விட்டார். என் கணவர் அப்போது எங்கோ கடலில். தந்தி கிடைத்து, அடுத்த துறைமுகத்தில் இறங்கி, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முதல் நாள்தான் வந்து சேர்ந்தார். பெட்டிக்குள் டின் இருந்தது. செய்தி வர முன்னரே வாங்கி வைத்ததாம்.

அந்தியேட்டிப் படையலுக்கு மாமிக்கு விருப்பமானது எல்லாம் வைக்க வேண்டும். ஆனால் அன்று சைவச் சமையல். திருக்கைக்கு இடமில்லை. மரக்கறிகளையும் பலகாரங்களையும் பரப்பி முடிந்ததும், அவர் டின்னைக் கொண்டுவந்து வாழை இலைக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்தார். இனசனத்தவர்கள் முகத்தைத் திருப்பினார்கள். ஐயர் மந்திரத்தை நிறுத்தினார்.

"உதென்ன தம்பி?"

"பாலிலை செய்தது ஐயா. அம்மாவுக்கு நல்ல விருப்பம்."

ஐயர் சால்வையால் மூக்கைத் துடைத்தார்.

"பால் எண்டால் வையுங்கோ. ஆனால் என்னிலை இருந்து கொஞ்சம் தள்ளி."

அவர் அதை இலையின் மறு ஓரத்தில் வைத்தார். மந்திரம் தொடர்ந்தது. பின்னேரம் வந்தவர்கள் போனபின், என் கணவரின் சின்னம்மா மட்டும் நின்றார். வீடு முழுக்க அந்த மணம்.

"யன்னலைத் திறந்து விடட்டோ மோனை?" என்று கேட்டார்.

"வேண்டாம் சின்னம்மா" என்றார் என் கணவர். "இண்டைக்குக் கிடக்கட்டும்."