இடது ஓரத்தில் அக்கா

"கவனம் பிள்ளை, இதுக்குள்ள கொக்கா இருக்கிறாள்."

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் மாமா என்னைக் கண்டதும் சொன்ன முதல் வார்த்தை அது. அம்மாவின் தம்பி அவர், ரொறன்ரோவில் இருக்கிறார். அங்கிருந்து வருகிறவர்கள் சொக்லேட் கொண்டுவருவார்கள், ஷாம்பூ கொண்டுவருவார்கள். மாமா தன் வீட்டு டீவிக்குக் கீழே இருந்த கேபிள் பெட்டியைக் கழற்றி, இரண்டு துவாய்களில் சுற்றி, மடியில் வைத்தபடியே பறந்து வந்திருந்தார்.

கொக்கா என்று மாமா சொன்ன என் அக்காவும் ரொறன்ரோவில்தான் இருந்தாள், ஆனால் மாமா வீட்டில் இல்லை. நகரத்தின் மறுகோடியில் ஒரு நிலக்கீழ் அறையில். கொழும்பில், கொட்டாஞ்சேனையில், ஆமியின் ஒரு சுற்றிவளைப்பில் அவளைப் பிடித்துக்கொண்டு போய், மூன்றாம் நாள் விட்டார்கள். அதன்பிறகு அப்பா அவளை இங்கே வைத்திருக்க விரும்பவில்லை. போய் வருடங்களாகியும் அவளுடைய அகதி வழக்கு அங்கே முடியவில்லை. அவளால் வர முடியாது, எங்களுக்கு விசா கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். எப்படி இருக்கிறாய் என்றால் நல்லா இருக்கிறேன் என்பாள். படங்கள் அனுப்புவாள், எல்லாவற்றிலும் சிரிப்பாள். அம்மா அந்தப் படங்களை நம்பவில்லை. கமராவுக்கு முன்னால் நிறுத்தினால் ஆர்தான் சிரிக்கமாட்டார்கள் என்பார். பிள்ளை அங்கே தனித்துப்போய்க் கிடக்கிறாள், எங்களுக்கு மறைக்கிறாள் என்பது அம்மாவின் எண்ணம். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைக் கோவில் அந்தோனியாரிடம் போய் அம்மா கேட்டதெல்லாம் அதைப் பற்றித்தான்.

அந்த நத்தாருக்கு, யேசு பிறப்புக்கு, ரொறன்ரோவில் ஒரு கத்தோலிக்கக் கோவிலின் பூசையை டீவியில் நேரடியாகக் காட்டியிருக்கிறார்கள். பாடகர் குழுவில் அக்கா. மாமா அதைத் தன் பெட்டியில் பதிந்து வைத்திருந்தார். ஏன் சீடியில் அடித்துக் கொண்டுவரவில்லை என்று நான் கேட்டேன். பெட்டி தனக்குள் பதிந்ததை வெளியே விடாதாம். சரி, டீவியைப் பார்த்து கமராவால் எடுத்தாராம், ஒரே கோடு கோடாக வந்ததாம். பிறகு யோசித்திருக்கிறார்: பெட்டி எங்கே போகிறதோ அங்கேதானே படமும் போகும். இலங்கையிலும் டீவி இருக்கிறது.

"எச்.டி. பிள்ளை. பாதரின்ர உடுப்பில இருக்கிற நூலை எண்ணலாம்" என்றார் வான் வண்டியில் ஏறும்போது.

எச்.டி. என்ற சொல்லை நான் வெள்ளவத்தையில் கம்பியூட்டர் வகுப்புக்குப் போகிற இடத்து சஞ்சிகைகளில் மட்டும்தான் கண்டிருந்தேன். அந்தச் சாமான் என் மடிக்கு வந்ததும் எனக்கு வேறெதுவும் தெரியவில்லை. பேலியகொடை சோதனைச் சாவடியில் இறக்கி, துவாயை அவிழ்க்கச் சொன்னபோதுதான் நாட்டு நிலைமை நினைவுக்கு வந்தது. வயர்களோடு ஒரு கறுப்புப் பெட்டி. மாமா ஆங்கிலத்தில் நீளமாக விளக்கத் தொடங்க, நான் குறுக்கே விழுந்து, டீவிக்குப் போடுகிற பெட்டி மாத்தயா என்று சிங்களத்தில் சொன்னேன். இதில் கிரிக்கெட் மெட்ச் வருமா என்று கேட்டான் அந்த ஆமிக்காரன். வராது, பூசை மட்டும்தான் வரும் என்றேன். துவாயை அவனே சுற்றிக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கும் முன்னரே மாமா பெட்டியின் பிளக்கைச் சுவரில் செருகப் போனார். நல்லவேளை, நான் அடியில் ஒட்டியிருந்த சிட்டையை வாசித்துக்கொண்டிருந்தேன். அங்கத்தைய கரண்ட் நூற்றிருபது, எங்களுடையது இருநூற்று முப்பது. பாய்ந்து கையைப் பிடித்தேன். அக்கா அந்த நிமிடமே புகையாகப் போயிருப்பாள். சந்திக் கடை நானாவிடம் ஓடி, கரண்டைப் பாதியாக்கும் ஸ்டெப் டவுன் ஒன்று இரவல் கேட்டேன். அவர் இறாக்கையிலிருந்து அதை இறக்கியபடி, "கனடாச் சாமானா? நேரா குத்தினா மௌத்தாப் போயிரும் மகள்" என்றார். சாகவில்லை நானா, தப்பிவிட்டது என்றேன்.

அடுத்தது வயர். எங்கள் டீவி இருபத்தொரு அங்குலம், முதுகு புடைத்த பழைய சாமான், முகம் சதுரம். முன்னால் ஒரு மூடியைத் திறந்தால் மஞ்சள் ஒரு துளை, வெள்ளை ஒரு துளை. அவ்வளவுதான். பெட்டியின் பின்புறமோ ஒரு நகரம் மாதிரி இருந்தது. இத்தனை வாசல்களா என்று வாயைப் பிளந்தேன். மாமா கொண்டுவந்த தட்டையான வயருக்கு எங்கள் டீவியில் இடமே இல்லை. ஆனால் அத்தனை வாசல்களுக்கு நடுவில், பழைய டீவிக்காரரையும் மறக்காமல், மஞ்சள் ஒன்று வைத்திருந்தார்கள். வீசீடி பிளேயரின் வயரைக் கழற்றிப் பூட்டினேன்.

கேபிள் இல்லாமல் பெட்டி திறக்குமோ என்று மாமா பயந்தார். அது நெடுநேரம் யோசித்தது. இணைப்பு இல்லை என்று முறைப்பட்டது. பிறகு பட்டியலை விரித்தது. அதில் பூசை இருந்தது.

படம் கறுப்பு வெள்ளையில் வந்தது. அந்தப் பக்கத்தவர்கள் நிறத்தை அனுப்பும் முறை வேறு, எங்கள் டீவிக்கு அது விளங்காது. பார்க்க வந்திருந்த மேல்மாடி வீட்டு அக்கா, "ஏன் புள்ள, கனடாவுல கலரே இல்லியா?" என்றார். எனக்கு அது குறையாகவே படவில்லை. எங்கோ பனிக்குள் நடந்த பூசை, எங்கள் ஹோலில், மீன்காரன் கூவுகிற சத்தத்துக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தது. மயிர்க்கூச்செறிய நின்றேன்.

பாடகர் குழு வந்தது. மாமா எழுந்துபோய்த் திரையின் இடது ஓரத்தில் விரலை வைத்தார். வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அங்கே அக்கா இல்லை. ஒரு கை மட்டும் இருந்தது. பாட்டுப் புத்தகம் பிடித்த கையும் கொஞ்சம் சட்டைக்கையும். மிச்சம் டீவியின் பிளாஸ்டிக் சட்டத்துக்கு அப்பால்.

"எங்கட வீட்டில அவள் முழுசாத் தெரிஞ்சவள், அக்கா" என்று அம்மாவிடம் சொன்னார் மாமா, குற்றம் தன்னுடையது போல.

அம்மா கிட்டப்போய்க் குந்தினார். "இது அவளின்ர கைதான். சின்ன விரலைப் பார், வெளியில நீட்டிக்கொண்டு நிக்குது." கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "மெலிஞ்சுபோச்சுது" என்றார்.

படத்தை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு, பெட்டியின் பெயரையும் இலக்கத்தையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு, கொமியூனிகேஷன் கடைக்கு ஓடினேன். அங்கே இன்டர்நெட் ஆமை வேகம். ஆனால் உலகத்தில் எத்தனையோ பேர் எங்களைப் போலவே புதுப் பெட்டியைப் பழைய டீவியில் பூட்டிவிட்டு முழித்திருக்கிறார்கள். வாசிக்க வாசிக்க எனக்குத் தலை சுற்றியது. அங்கத்தைய படம் அகலம். எங்கள் திரை சதுரம். சதுரத்தை நிரப்புவதற்காகப் பெட்டி தானாகவே இரண்டு பக்கத்தையும் வெட்டிவிட்டு நடுவை மட்டும் அனுப்புகிறது. அப்படியென்றால் அக்கா வராமல் இல்லை. பெட்டிக்குள் முழுதாக நின்று பாடிக்கொண்டிருக்கிறாள், எங்கள் டீவியின் அளவைப் பார்த்துப் பெட்டிதான் அவளை வெளியே விடவில்லை. வெட்டாதே, சுருக்கி முழுதையும் அனுப்பு என்று சொல்ல ஒரு இடம் உண்டு. பெட்டியை முழுதாக நிறுத்தினால்தான் அந்த இடம் திறக்கும்.

அங்கேதான் சிக்கல். கேபிள் இல்லாத ஊரில் ஒருமுறை நிறுத்தினால் சில பெட்டிகள் திரும்ப எழும்புவதில்லை என்றும் எழுதியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து இரண்டையும் சொன்னேன். மாமா வேண்டாம் என்றார். இவ்வளவு தூரம் வந்து உள்ளதையும் இழக்கப் போகிறோமா, கையாவது இருக்கிறதே என்றார். மேல்மாடி அக்காவும் அதைத்தான் சொன்னார். ரிமோட் என் கையில் இருந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் இன்னும் அந்தக் கைக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்தார்.

"இந்தக் கையை மட்டும் பாத்திட்டு நான் எப்பிடியடி நித்திரை கொள்ளுறது? நிப்பாட்டு" என்றார்.

நிறுத்தினேன். கை போய்விட்டது. சொல்லியிருந்த பட்டனை அழுத்தினேன். சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பக்கம் வந்தது; டீவியின் வடிவம் என்ற வரியில் இறங்கி, மாற்றி, திரும்பப் போட்டேன். பெட்டி யோசித்தது. மாமா ஸ்டெப் டவுன் சூடாகிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். இணைப்பு இல்லை என்று மறுபடி முறைப்பட்டது. பிறகு பட்டியல் வந்தது.

மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து, படம் சுருங்கி நடுவில் வந்தது. "ஐயோ, சின்னதாப் போச்சே" என்றார் மேல்மாடி அக்கா. ஆனால் அது அகன்றிருந்தது. பீடத்தின் இரண்டு பக்கத் தூண்களும் வந்தன, மெழுகுதிரிகள் வந்தன, இதுவரை இல்லாதிருந்த மனிதர்கள் வரிசையாக வந்தார்கள். இடது ஓரத்தில், புத்தகம் பிடித்த கைக்கு மேலே, என் விரல் நகமளவு முகத்தோடு, அக்கா.

கமரா அவளுக்காக அங்கே நிற்கவில்லை. நடுவில் தனியாகப் பாடுகிற ஒரு பெரியவருக்காக நின்றது. தன்னை யாரும் பார்க்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற குட்டையான பெட்டை ஒருத்தி அவள் காதுக்குள் ஏதோ சொன்னாள். அக்கா உதட்டைக் கடித்தாள், தோள் குலுங்கியது, புத்தகத்தை முகத்துக்கு மேலே தூக்கினாள். புத்தகம் இறங்கியபோதும் சிரிப்பு அடங்கவில்லை. அந்தப் பெட்டை அவள் விலாவில் இடித்தாள். பிறகு எல்லாரும் பாட, அவளும் வாயைத் திறந்தாள்.

பாதரின் நூலையெல்லாம் எண்ண முடியவில்லை. நிறம் இல்லை, கூர்மை இல்லை. ஆனாலும் என் வாழ்நாளில் அதைவிடத் தெளிவான ஒன்றை நான் எந்தத் திரையிலும் கண்டதில்லை.

அம்மா அழுவார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை. அந்தத் துண்டை மட்டும் திரும்பப் போடச் சொன்னார். போட்டேன். மறுபடி என்றார். அப்பா துறைமுக வேலை முடிந்து வந்து செருப்போடேயே நின்று பார்த்தார், அவருக்காகவும் போட்டேன்.

"பக்கத்தில கதைக்க ஆள் இருக்கு" என்று அவரிடம் சொன்னார் அம்மா.

ஞாயிறு அக்கா போன் எடுத்தாள். நாங்கள் பார்த்துவிட்டதை மாமா இன்னும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. அம்மா ரிசீவரை வாங்கியதும், "உனக்குப் பக்கத்தில நிண்டு பாடின கட்டைப் பிள்ளை ஆர்?" என்று கேட்டார். அந்தப் பக்கத்தில் எனக்கும் கேட்கிற அளவுக்கு அக்கா சிரித்தாள். அந்தப் பிள்ளையைப் பற்றி அவள் சொல்லத் தொடங்கினாள். நல்லா இருக்கிறேன் என்ற வார்த்தை அன்றைக்கு வரவேயில்லை. அம்மா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.