மணி அடிக்காத மெஷின்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். குன்னூரில் பெட்போர்டு பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருக்கும் எங்கள் கம்பெனியில் இது எல்லோருக்கும் தெரியும். கணக்கு எழுதுவது, சம்பளம் போடுவது, வருகிறவர்களுக்கு டீ சொல்வது, எழுந்து போகாதவர்களைக் கிளப்பி விடுவது எல்லாம் நான்தான். பெயர் பங்கஜம். கோயமுத்தூர்க்காரி, கல்யாணமாகி மலையேறியவள். ஆனால் இது என் கதை இல்லை. எனக்கு எதிர் மேசையில் உட்காரும் சுஜாதாவின் கதை. அந்தப் பெண்ணுக்குக் கோபமே வராது. அவளுக்கும் சேர்த்து நான் கோபப்பட்டுப் பட்டுக் களைத்துப் போனதால் இதை எழுதுகிறேன்.

சுஜாதா கூடலூர் பக்கம் ஓவேலிக்காரி. அப்பா இல்லை. அம்மா பேச்சி, சிறு பிள்ளையாகச் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர். இன்றுவரை எஸ்டேட் லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்துகொண்டு, கொழுந்து பறிக்கிறார். மகளை எப்படியோ கோயமுத்தூரில் இன்ஜினீயரிங் படிக்க வைத்துவிட்டார். சுஜாதா பெங்களூரில் சில வருஷம் நல்ல வேலையில் இருந்தாள். அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எங்கள் கம்பெனிக்கு வந்து சேர்ந்தாள். வந்த அன்றே, "உனக்கென்ன கிறுக்கா கண்ணு?" என்று கேட்டேன். சிரித்தாள். எதைக் கேட்டாலும் அவளுக்கு அந்தச் சிரிப்புதான்.

எங்கள் முதலாளி வசந்த்குமாருக்கு ஒரே ஒரு ஆசை. வெடிமருந்தை மோப்பம் பிடிக்கும் மெஷினை இங்கேயே செய்து அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டும். வெளிநாட்டு மெஷின் ஒன்று பழுதானால் அதைச் சரிசெய்ய ஆள் வருவதற்குள் ஒரு மழைக்காலம் போய்விடுகிறது என்பார். மெஷின் பார்ப்பதற்குச் சின்ன ஃபிரிட்ஜ் மாதிரி இருக்கும். ஒருவருடைய கையையோ பையையோ ஒரு காகிதத் துண்டால் துடைத்து அதற்குள் வைக்க வேண்டும். வெடிமருந்தின் தூசி துளி ஒட்டியிருந்தாலும் சிவப்பு விளக்கு எரிந்து மணி அடிக்கும். இல்லாவிட்டால் பச்சை. அந்த மெஷினின் மூளையைச் செய்தவள் சுஜாதா. ஓவேலியில் அவளைப் பற்றிக் கேட்டால், "அது தீவிரவாதியப் புடிக்கிற உத்தியோகத்துல இருக்கு" என்பார்கள். பாதிப் பேர் அவளைப் போலீஸ் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் முறை மெஷினை ஊட்டி மார்க்கெட் வாசலில் வைத்துப் பார்த்தோம். அன்று எங்கள் மானம் போனது. காய்கறி வாங்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு மணி அடித்தது. கேரட் மூட்டை தூக்குகிறவருக்கு அடித்தது. பிள்ளைக்கு ஊசி போட அந்த வழியாகப் போன அம்மாவுக்கு அடித்தது. வசந்த்குமார் வெளுத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன், எனக்குத் தெரிந்தது வரவும் செலவும்.

காரணம் சுஜாதாவுக்கு உடனே புரிந்துவிட்டது. தேயிலைக்கும் கேரட்டுக்கும் போடும் உரத்தில் இருக்கும் ஒரு பொருள் வெடிமருந்திலும் இருக்கிறது. இந்த மலையில் உரத்தைத் தொடாத கை எது? எஸ்டேட்டில் உரம் போட்டு முடித்ததும் காலி சாக்கை யாரும் எறிவதில்லை. அலசிக் காயவைத்து, காது வைத்துப் பையாகத் தைத்துவிடுவார்கள். மார்க்கெட்டுக்கு அந்தப் பை, ஆஸ்பத்திரிக்கு அந்தப் பை, மழையில் கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டும் படங்கும் பல வீடுகளில் அதே சாக்குதான். எத்தனை அலசினாலும் அந்தத் தூசி நூலுக்குள் உட்கார்ந்துகொண்டு போவதில்லை. கோயமுத்தூரில் கண்ணாடிக் கதவு போட்ட லேப்பில் வைத்துச் சோதித்தபோது இது எங்கே தெரியும்?

அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் அவள் வீட்டில் இருந்து நான் பார்க்கவில்லை. கட்டபெட்டு, கோத்தகிரி, கூடலூர் என்று எஸ்டேட் எஸ்டேட்டாக அலைந்தாள். உரம் போட்ட அன்று, ஒரு மழைக்குப் பிறகு, பனி கொட்டும் மாதத்தில், வெயிலில் என்று எல்லாக் காலத்திலும் கைகளையும் பைகளையும் துடைத்துக் காகிதங்களைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்தாள். வெறும் உரம் எப்படி இருக்கும், வெடிமருந்து எப்படி இருக்கும், இரண்டுக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று மெஷினுக்குக் கற்றுக்கொடுத்தாள். இருமலோடு வருவாள். கஷாயம் வைத்துக் கொடுத்துத் திட்டுவேன். குடித்துவிட்டுத் திரும்பவும் கிளம்பிவிடுவாள். கடைசியில் ஒரு நாள் மெஷின் வாயை மூடியது. உர மூட்டையையே துடைத்து வைத்தாலும் பச்சைதான். சோதனைக்காக அனுமதியோடு கொண்டுவந்த உண்மையான மருந்தின் துகளை வைத்தால் உடனே சிவப்பு. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தில் ஆபீஸ் முழுக்க ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன்.

அதன்பிறகு ஆரம்பித்தது அரசாங்கச் சோதனை. ஒரு அதிகாரி வருவார், எல்லாம் பார்ப்பார், தலையாட்டுவார், மாற்றலாகிப் போய்விடுவார். அடுத்தவர் வருவார். முன்னால் இருந்தவர் என்ன பார்த்தார் என்று தனக்குத் தெரியாது, முதலிலிருந்து காட்டுங்கள் என்பார். சுஜாதா சொன்னதையே சொல்லுவாள். நான் டீ வாங்கியே அலுத்துப் போனேன். நாட்டைக் காப்பாற்றுகிற வேலையில் நாற்காலியைக் காப்பாற்றுவதற்கே இவர்களுக்கு நேரம் சரியாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னேன். வசந்த்குமார் என்னை உள்ளே போகச் சொல்லிவிட்டார்.

கடைசிச் சோதனை மே மாதம், மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில், ஊட்டி பஸ் ஸ்டாண்டில். சென்னையிலிருந்து கீர்த்திவாசன் என்ற அதிகாரி வந்தார். நேர்மையான மனிதர், நாங்கள் கொடுத்த நாற்காலியில்கூட உட்காரவில்லை. எங்கள் மெஷினுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கம்பெனியின் மெஷினும் இருந்தது. அதிகாரிகளே சில பைகளில் மருந்துத் துகளை மறைத்து வைத்து, கூட்டத்தோடு ஆட்களை அனுப்பினார்கள். எங்கள் மெஷின் ஒன்றைக்கூட விடவில்லை. மற்ற எல்லோருக்கும் பச்சை காட்டியது. பக்கத்து மெஷினும் அத்தனையையும் பிடித்தது, கூடவே ஊரையும் பிடித்தது. மணி, மணி, ஓயாத மணி. போலீஸ்காரர்கள் ஓடி ஓடிப் பைகளைக் கவிழ்த்தார்கள். பிளாஸ்டிக் மலையேறக் கூடாது என்று கல்லாறு செக்போஸ்ட்டில் தண்ணீர் பாட்டில் தேடிப் பழகிய கைகள், கேட்க வேண்டுமா?

நாம் ஜெயித்தோம் என்று நான் நினைத்தேன். சாயங்காலம் கீர்த்திவாசன் வந்து, அந்த மெஷின் விழிப்பாக இருக்கிறது, உங்களுடையது தூங்குகிறதே என்றார். நான் காதைத் தேய்த்துக்கொண்டேன். மறைத்து வைத்த எல்லாவற்றையும் பிடித்ததே என்று சுஜாதா பொறுமையாக எடுத்துச் சொன்னாள். அவரும் அதை மறுக்கவில்லை.

"தப்பா அடிச்சா பரவாயில்லைம்மா. பையைத் திறந்து பார்த்து அனுப்பிடலாம். அடிக்காம ஒண்ணு உள்ளே போயிட்டா, நாளைக்கு என்னைத்தான் கூப்பிட்டுக் கேப்பாங்க" என்றார்.

"சார், நாள் முழுக்க அடிக்கிற மெஷினை ஒரு வாரத்துல யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. அன்னிக்கு நெசமாவே ஒருத்தன் வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டாள் சுஜாதா.

அவர் சோதனை இன்னும் ஒரு நாள் பாக்கி இருக்கிறது என்பதை மட்டும் நினைவூட்டிவிட்டுப் போனார்.

வசந்த்குமார் அவளைத் தனியே கூப்பிட்டார். நான் கதவருகிலேயே நின்றேன், யார் என்ன நினைத்தாலும் சரி என்று. நீ கற்றுக்கொடுத்த அந்த வித்தியாசத்தை நாளைக்கு ஒரு நாள் அணைத்து வை என்றார். அணைத்தால் உரம் தொட்டவர்களுக்கெல்லாம் மணி அடிக்கும் என்றாள் அவள். ஆர்டர் கிடைக்காவிட்டால் இந்த மாடியை மூடிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்றார் அவர். அதுவும் பொய் இல்லை. அவருடைய வீடே பேங்கில் அடமானத்தில்தான் இருக்கிறது.

"ஆர்டர் வந்த மறுநாளே திரும்பப் போட்டுக்கலாம்மா. நான் வாக்குக் குடுக்கறேன். இல்லைன்னா உன் மெஷின் எங்கியுமே இருக்காது, அந்த அடிக்கிற மெஷின்தான் ஊரு பூரா நிக்கும்" என்றார்.

வசந்த்குமார் மோசமான ஆள் இல்லை, வாக்கு மாறுகிறவரும் இல்லை. அதனால்தான் அவள் நம்பினாள். மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் லேப்டாப்பைத் திறந்து, இரண்டு மழைக்காலத்து வேலையைத் தன் கையாலேயே அணைத்தாள்.

மெஷின் அடித்தது. கூடலூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய எஸ்டேட் ஜனம் வரிசையில் வரவர அடித்தது. ஒரு பெரியவர் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தர மாட்டேன் என்றார், பிடுங்கிக் கவிழ்த்தார்கள். அதற்குள் ஒரு போர்வையும் எக்ஸ்ரே கவரும்தான் இருந்தன. டூரிஸ்ட்டுகள் தள்ளி நின்று வீடியோ எடுத்தார்கள். டூரிஸ்ட்டுகளுக்கு மணி அடிக்கவில்லை, அவர்கள் எந்தச் செடிக்கு உரம் போட்டார்கள்? கீர்த்திவாசன் முகத்தில் முதல்முறையாக நிம்மதி தெரிந்தது. சுஜாதா கீழே கிடந்த எக்ஸ்ரே கவரை எடுத்துத் துடைத்து அந்தப் பெரியவரிடம் கொடுத்தாள். எனக்கு அந்த மெஷினை மேட்டிலிருந்து உருட்டிவிட வேண்டும் போல இருந்தது.

மழை தொடங்கும்போது ஆர்டர் வந்தது. முதலாளி கண் கலங்கினார். ஆபீஸே கை தட்டியது. சுஜாதா கை தட்டாமல் கடைசிப் பக்கம் வரை படித்தாள். தேறிய மெஷினில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது, செய்தால் சோதனை எல்லாம் முதலிலிருந்து நடக்க வேண்டும் என்று அதில் இருந்தது. தேறிய மெஷின் என்றால் எது? கடைசி நாள் அடித்துக்கொண்டிருந்த மெஷின். வசந்த்குமார் சும்மா இருக்கவில்லை. எழுதினார், சென்னைக்குப் போனார், டெல்லிக்குப் போனார். கீர்த்திவாசன் அதற்குள் மாற்றலாகியிருந்தார். புதிதாக வந்தவர், நல்லபடியாக வேலை செய்கிற மெஷினை எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்டாராம். அதற்கு என்ன பதில் சொல்வது? எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மெஷினை ஊட்டி பஸ் ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். சுஜாதா வேலையை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை. தான் போய்விட்டால் அதைத் திரும்பச் சரிசெய்ய இங்கே ஆளே இருக்காது என்றாள். மாதாமாதம் அதே விண்ணப்பத்தை அனுப்புகிறாள். மாதாமாதம் அது பரிசீலனையில் இருக்கிறது.

போன வாரம் மத்தியானம் அவள் அம்மா பேச்சி ஆபீஸுக்கு வந்தார். மகளைப் பார்க்க ஓவேலியிலிருந்து கிளம்பி, ஊட்டியில் பஸ் மாறி வந்திருந்தார். வெகு நேரம் தாமதம். சேலை ஓரமெல்லாம் சேறு. கையில் இருந்த சாக்குப் பையின் காது ஒரு பக்கம் அறுந்து தொங்கியது. ஆனால் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. நாற்காலியில்கூட உட்காராமல், என்னிடமும் சேர்த்தே சொல்ல ஆரம்பித்தார்.

பஸ் ஸ்டாண்டில் மணி அடித்ததாம். நிற்க வைத்தார்களாம். பையைக் கீழே கொட்டினார்களாம், மிளகும் பலாக்கொட்டையும் மழைத் தண்ணீரில் ஓடியதாம், மாற்று உடுப்பையெல்லாம் ஆம்பிளைகள் நடுவில் ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தார்களாம். இது என் மகள் செய்த மெஷின் என்று இவர் சொன்னாராம். போலீஸ்காரர் சிரித்துவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வைத்தாராம். எனக்குக் காது சூடாகிவிட்டது. பேச்சிக்குக் கோபமே இல்லை.

"அத்தன சனத்துல என்னையக் கரெக்டா கண்டுபிடிச்சிருச்சு புள்ள, நீ செஞ்ச மிசினு. எங்க லயத்துல ஒருத்தரையும் அது விடலயாம். கெட்டிக்காரி நீ" என்றார், மகளின் கன்னத்தைத் தொட்டு.

சுஜாதா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னையக் கண்டுபிடிக்கக் கூடாதுன்னுதாம்மா நான் அதைச் செஞ்சேன்."

பேச்சிக்குப் புரியவில்லை. மகள் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, மகளைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்.

"அப்ப அது ரிப்பேரா இருக்கும். அழுவாத. போயி நீயே சரி பண்ணிரு, ஒன்னய யாரு கேக்கப் போறா?"