தேங்காய் உடைத்த பிறகு வந்த லோரி

கட்டுமானத் துறைக்கு இனி எதிர்காலம் இல்லை என்று கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஆள் கிடைப்பதில்லை, சிமெண்ட் விலை ஏறிவிட்டது, நம் பிள்ளைகள் வெயிலில் நிற்க வருவதில்லை. எல்லாம் உண்மைதான். ஆனால் இதையே சொல்லிச் சொல்லி அரைகுறை வேலைக்குச் சாக்குத் தேடுகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியாது.

ஈப்போவுக்கு வெளியே, முன்பு ரப்பர் மரங்கள் நின்ற நிலத்தில் ஒரு பாலர் பள்ளி கட்டிக்கொண்டிருந்தோம். நான் சைட் மேற்பார்வையாளர். குத்தகை எடுத்த முதலாளி ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர். மாடித் தளம் போடும் நாளில் பூசை செய்யாமல் ஒரு கரண்டிக் கலவைகூட விழ விடமாட்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும் என்று ஒன்பதரைக்கே தேங்காய் உடைத்துவிட்டுக் காத்திருந்தோம். கலவை லோரியைக் காணவில்லை. சிம்பாங் பூலாய் சந்திப்பில் நெரிசலாம்.

பத்தேகாலுக்கு வந்து சேர்ந்தது. வழியில் கலவை இறுகத் தொடங்கியதும் ஓட்டுநர் தண்ணீரைத் திறந்து விட்டிருக்கிறார். லோரியின் பின்னால் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. நான் கூம்பு அச்சை எடுத்துவந்து, கலவையை நிரப்பி, அச்சை மேலே தூக்கினேன். நல்ல கலவையாக இருந்தால் கொஞ்சம் இறங்கிவிட்டுக் குவியலாக நிற்கும். இது கஞ்சி மாதிரி பரவியது.

"திருப்பிக் கொண்டு போங்க," என்றேன்.

முதலாளி ஓடி வந்தார். "என்னாம்மா இது? பூசை போட்டாச்சு. கொஞ்சம் தண்ணிதானே, காஞ்சா சரியாயிடும்லா."

"காஞ்ச பிறகு மேல பிள்ளைங்க ஓடும்ண்ணே."

"ராகுகாலம் வந்திரும். அதுல ஊத்துனா கட்டடம் நிக்காது."

"இத ஊத்துனா நல்ல நேரத்துலயும் நிக்காதுண்ணே."

அவர் முகம் சிவந்தது. "கலவை ரசீதுல கையெழுத்துப் போட முடியாட்டி வீட்டுக்குப் போம்மா. நாளைக்கி வேற ஆளு பாத்துக்கிறேன்."

பயந்தேன். என் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. ஐம்பது வயதுப் பெண்ணுக்கு வேறு சைட் யார் கொடுப்பார்கள்? ஆனாலும் கோபம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. துறையின் எதிர்காலம் அப்புறம், முதலில் இந்தத் தளம் நிற்கட்டும். லோரியோடு வந்த ரசீதின் குறுக்கே 'ஏற்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

லோரி ராகுகாலத்தில் திரும்பிப் போனது. முதலாளி காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். உடைத்த தேங்காயைக் கீறி, சும்மா நின்றிருந்த வங்காளதேசத் தொழிலாளர்களுக்குக் கொடுத்தேன். நானும் இரண்டு துண்டு தின்றேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வழக்கம்போல் சைட்டில் நின்றேன். போ என்று எழுதிக் கொடுக்கட்டும், அதுவரை இது என் தளம். முதலாளி வந்தார். புதுத் தேங்காய் ஒன்று கையில் இருந்தது. வேறு ஆள் யாரும் கூட வரவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

ஏழரைக்கு அதே லோரி வந்தது. ஓட்டுநர் இறங்கியதும் இறங்காததுமாகச் சொன்னார்: "அக்கா, இன்னிக்கி தண்ணி தொடல. சத்தியமாக்கா."

நம்பினேன். இருந்தாலும் அச்சை எடுத்துவந்தேன்.

நான் அளந்து முடிக்கும்வரை முதலாளி தேங்காயை உடைக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.