பரீட்சை அட்டையில் ஐந்து ஓட்டை

எங்கள் குடும்பத்துக்கு ஒரு காலத்தில் இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்று, ஒற்றை அறையும் ஓட்டுக் கூரையுமாக நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு. இன்னொன்று, அதற்கு அடுத்த காலி நிலத்தில் நின்ற ஒரு வேன். வீடு நகராமல் நின்றதில் அதிசயம் ஒன்றுமில்லை. வேனும் நகராமல் நின்றதுதான் தெருவுக்கே வேடிக்கை. அதற்குச் சக்கரங்கள் இல்லை.

அப்போது தாம்பரத்துக்குக் கிழக்கே, சேலையூர் ஏரியை ஒட்டிய பக்கத்தில் வீடுகளைவிட முட்செடிகள்தான் அதிகம். அங்கே ஒரு தோட்ட பங்களாவில் வெள்ளைக்காரத் தம்பதி சில வருஷம் தங்கியிருந்தார்கள். தங்கள் தேசத்திலிருந்து அந்த வேனிலேயே தரைவழியாக வந்து சேர்ந்தவர்கள். சித்தப்பா அவர்களுக்கு டிரைவர். திரும்பிப் போகும்போது என்ன தோன்றியதோ, விமானத்தில் போய்விட்டார்கள். வேன் சித்தப்பாவுக்கு வந்தது. அது ஆள் ஏற்றும் வேன் அல்ல, ஆள் குடியிருக்கும் வேன். பகலில் பெஞ்சாகவும் இரவில் கட்டிலாகவும் மாறும் மெத்தை, ஜன்னல்களுக்குத் திரை, அடுப்பு வைக்க மேடை, சுவரிலிருந்து இழுத்தால் விரியும் ஒரு மடக்கு மேசை, எல்லாம் உள்ளேயே இருந்தன.

ஆனால் அந்த அளவு டயர் இந்த ஊரில் கிடைக்கவில்லை. இருந்த டயர்கள் ஒவ்வொன்றாக வெடித்து ஓய்ந்தன. ரிம்களும் இரண்டே மழைக்காலத்தில் துருவேறி, தட்டினால் அப்பளம்போல உதிர்ந்தன. கல்குவாரியில் வேலை பார்த்த அப்பா நாலு கருங்கற்களைக் கொண்டுவந்து அடியில் முட்டுக் கொடுத்தார். சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆனதும், எங்கள் ஒற்றை அறையில் இடம் போதாமல், அவரும் சித்தியும் வேனுக்குக் குடிபோனார்கள். சமையலும் சாப்பாடும் மட்டும் எங்களோடு. அப்பா, அம்மா, நான், தங்கை, அவர்கள் இருவர்: ஒரே உலை, ஆறு தட்டு.

வெள்ளிக்கிழமை தோறும் சித்தப்பா வேனுக்குக் கற்பூரம் காட்டி இன்ஜினைக் கிளப்புவார். கல்மேல் நின்றபடியே வண்டி கால்மணி நேரம் உறுமும். நானும் தங்கையும் உள்ளே உட்கார்ந்து குலுங்குவோம். தெருவில் போகிறவர்கள், "இன்னா அண்ணே, எந்த ஊர்ல போய்க்கினு கீது வண்டி?" என்று கேட்பார்கள். "திண்டிவனம் தாண்டிட்டோம்பா" என்று சித்தப்பா சளைக்காமல் சொல்வார்.

எனக்கு அந்த வேன் வேறொரு விதத்தில் முக்கியம். எங்கள் வம்சத்தில் எட்டாம் வகுப்பைக் கண்ட முதல் ஆள் நான். வீட்டில் மேசை கிடையாது. வேனின் மடக்கு மேசையில்தான் என் படிப்பு நடந்தது. சித்தி எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, "இன்னா கலெக்டரே, அரைமணியா அதே படத்தப் பாத்துகினு கீற, பக்கத்தத் திருப்பவே மாட்டியா?" என்பாள்.

வேன் நின்ற நிலத்துக்குச் சொந்தக்காரர் அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பத்தவர். நெல் விளைந்த இடங்களில் மனை விளையத் தொடங்கியிருந்த காலம். ஒரு சனிக்கிழமை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, மனைக்கல் நட ஆள் வரப்போவதாகச் சொன்னார். "அடுத்த ஞாயித்துக்கெழம எடம் காலியா இருக்கணும். இல்லாங்காட்டி கேஸ் கட்டர் வச்சி அறுத்து காயலாங்கடைக்கு அனுப்பிடுவேன். அப்பறம் என்னாண்ட வந்து பேஜார் பண்ணக் கூடாது."

போவதற்கு இடம் இருந்தது. சித்தியின் அண்ணன், தாம்பரத்துக்குத் தெற்கே நாலைந்து ஸ்டேஷன் தள்ளி, பொத்தேரியில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் டீக்கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பினார். இன்ஜின் ஓடியது. டிரைவர் இருந்தார். எட்டு நாளில் நாலு சக்கரம் கிடைத்தால் சித்தப்பாவின் குடித்தனம் பிழைக்கும்.

பஞ்சர் கடைக்காரர் வந்து, முட்டி போட்டு, சக்கரம் மாட்டும் டிரம்மைத் தடவிப் பார்த்தார். டயரைத் தேடாதே, வேறு வண்டியின் வீலை டயரோடு தேடு என்றார். "அஞ்சு ஓட்டை வீலு ஆயிரம் கீதுப்பா. ஒண்ணோட அளவு ஒண்ணுக்குச் சேராது. அஞ்சு போல்ட்லயும் ஒக்காரணும். ஒக்காந்தாலும் உள்ள டிரம்முல ஒரசக் கூடாது." இவ்வளவையும் சொல்லிவிட்டு, "கெடைக்காது" என்று முடித்தார்.

வேனைத் தூக்கிக்கொண்டு, பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டைக்குப் போக முடியாது. அளவை எடுத்துக்கொண்டுதான் போகவேண்டும். அதற்கு வழி கண்டுபிடித்தவள் சித்தி. சப்பாத்தி மாவைக் கெட்டியாகப் பிசைந்து, தடிமனாகத் தட்டி, டிரம்மின் ஐந்து போல்ட்டிலும் அழுத்தி எடுத்தாள். ஐந்து ஓட்டைகளும் அழகாக விழுந்தன. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குடும்பத்தில் எந்தக் காரியமானாலும் படித்தவனின் ஒப்புதல் வேண்டும்.

ஈரமாவு வழியில் வளைந்துவிடும், வெயிலில் காயவையுங்கள் என்றேன். காய்ந்தால் அளவு மாறாதா என்று அம்மா கேட்டாள். அம்மா கைநாட்டு. எனக்கோ, பொருள்கள் வெப்பத்தால் விரிவடையும் என்ற பாடம் அந்த மாதம்தான் நடந்திருந்தது. தண்டவாளங்களுக்கு நடுவே ஏன் இடைவெளி விடுகிறார்கள் என்பதைத் தாம்பரம் ஸ்டேஷனை உதாரணம் காட்டி விளக்கினேன். மாறினாலும் கொஞ்சம் விரியத்தான் செய்யும், வீல் தாராளமாகவே உட்காரும் என்று தீர்ப்புச் சொன்னேன். சப்பாத்தி இரண்டு நாள் தகரத்தின் மேல் காய்ந்தது.

செவ்வாய்க்கிழமை சித்தப்பா அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு எலெக்ட்ரிக் ரயில் ஏறினார். சாயங்காலம் ஒரு வீலை ஸ்டேஷனிலிருந்து உருட்டிக்கொண்டே வந்தார். சப்பாத்தியின் ஐந்து ஓட்டைக்கும் அச்சாகப் பொருந்திய வீல். தெருவே கூடியது. தூக்கி மாட்டினார்கள். இரண்டு போல்ட் உள்ளே போயின, மூன்றாவது போகவில்லை. திருப்பி மாட்டினார்கள். அப்போதும் இரண்டுதான். நான் சப்பாத்தியை எடுத்து டிரம்மில் வைத்துப் பார்த்தேன். அதுவே உட்காரவில்லை. மாவு காய்ந்து சுருங்கியிருந்தது.

அப்பா வேனை எப்போதும் தகர டப்பா என்றுதான் சொல்வார். பீடியைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்தார். "அவன் படிச்சது தண்டவாளம்டா. இது சப்பாத்தி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த வீலை அம்மா எடுத்து, தண்ணீர்க் குடத்துக்கு அடியில் வைத்துக்கொண்டாள். குடம் மட்டும் ஆடாமல் உட்கார்ந்தது.

நான் மடக்கு மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டேன். சித்தி திட்டவில்லை. காய்ந்த சப்பாத்தியை என் முன்னால் வைத்து, "இந்தா, இத்தத் தின்னு. சரியாப் போச்சு" என்றாள். தலையை நிமிர்த்தியபோது அதற்குப் பக்கத்திலேயே என் பரீட்சை அட்டை இருந்தது. சுருங்காது, வளையாது, காயவைக்கவும் வேண்டாம்.

அது முழுப்பரீட்சைக்காக அப்பா வாங்கித் தந்த அட்டை. பளபளக்கும் கிளிப் வைத்தது. பத்தாவது வரைக்கும் உழைக்குமா என்று கடைக்காரரிடம் மூன்று தடவை கேட்டு வாங்கினார். நான் போல்ட் நுனிகளிலும் நடுவே புடைத்திருந்த வட்டத்திலும் கிரீஸைத் தடவி அட்டையை நிமிர்த்தி அழுத்தினேன். நடுவில் ஒரு பெரிய வட்டமும் சுற்றிலும் ஐந்து பொட்டுகளும் விழுந்தன. சித்தி கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் தர, சித்தப்பா ஐந்து பொட்டுகளையும் சுட்டுத் துளைத்தார். நடு வட்டத்தை ரம்பத் தகட்டால் அறுத்து எடுத்தோம். அட்டை டிரம்மின் மேல் போய் 'டக்'கென்று உட்கார்ந்தது.

மறுநாள் அப்பா வேலைவிட்டு வந்து அட்டையைக் கையில் வாங்கினார். முகத்துக்கு நேரே பிடித்து நடு ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். "நல்லாத் தெரியுதுடா, உன் படிப்பு." அவ்வளவுதான் சொன்னார். அந்த வருஷப் பரீட்சைகளை நான் அந்த அட்டையில்தான் எழுதினேன். பக்கத்தின் நடுவுக்கு வந்தால் தாள் உள்ளே அமுங்கும். பேனா குத்தி ஓட்டை போட்ட என் விடைத்தாளைக் கணக்கு வாத்தியார் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வகுப்புக்கே காட்டினார்.

வியாழக்கிழமையிலிருந்து அட்டையும் நானும் சித்தப்பாவும் அலைந்தோம். சித்தப்பா பழைய இரும்புக் கடைகளைப் பார்த்தார். நான் பள்ளிக்கூடம் விட்டதும் தாம்பரம் ரயில்வே கேட்டுக்கு ஓடுவேன். கேட் மூடினால் போதும், லாரி, வேன், டெம்போ எல்லாம் வரிசையாக நிற்கும். வரிசையின் கடைசியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு சக்கரத்திலும் குனிந்து, நட்டுக்கு வெளியே நீட்டியிருக்கும் போல்ட் நுனிகளில் அட்டையை வைத்துப் பார்த்துக்கொண்டே போவேன். "டேய், சக்கரத்தாண்ட இன்னாடா வேல? நட்டு கழட்றியா?" என்று ஒரு டிரைவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். பரீட்சைக்கு அளவெடுக்கிறேன் சார் என்றேன். அது ஒருவகையில் உண்மைதான். அவர் என் சீருடையையும் அட்டையையும் பார்த்துவிட்டு, இந்தக் காலத்துப் படிப்பே விளங்கவில்லை என்று சொல்லிக்கொண்டே திரும்ப ஏறிக்கொண்டார். நாலோட்டை, ஆறோட்டை, ஐந்தோட்டையிலும் ஒரு விரற்கடை கூட, ஒரு விரற்கடை குறைய. இரண்டு சாயங்காலத்தில் எதிலும் அட்டை உட்காரவில்லை.

சனிக்கிழமை காலையில் அப்பா வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். அது கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடுவது. தம்பியைப் பார்த்து, "வாடா, ரெண்டு நாள் தவணை கேட்டுப் பாப்போம்" என்றார். அப்பா ஒருவரிடம் போய்க் கேட்கிறவர் அல்ல. நான் கேட்காமலே பின்னால் போனேன். அட்டை கக்கத்தில் இருந்தது.

நிலத்துக்காரர் வீட்டின் பக்கவாட்டில் ஒரு மாட்டுக் கொட்டகை. மாடுகள் இல்லை. பெரியவர்கள் முன்வாசலில் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு நல்லபடியாகப் போகவில்லை என்பது அப்பாவின் குரல் தணிந்துகொண்டே போனதில் தெரிந்தது. நான் கொட்டகைக்குள் பார்த்தேன். இரண்டு டயர் வண்டிகள், கழுத்தை மேலே தூக்கிக்கொண்டு நின்றன. வைக்கோலும் செங்கல்லும் ஏற்றிப்போகும் மாட்டு வண்டிகள்தான். அந்தக் காலத்தில் மரச்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, உடைத்த வேனின் அச்சையும் சக்கரத்தையும் வாங்கி மாட்டிக்கொள்வார்கள். இரண்டு நாளாக இன்ஜின் இருக்கிற வண்டிகளாகப் பார்த்துப் பார்த்துத் தேடியவன் நான். மாட்டு வண்டியை வண்டியாகவே நினைத்துப் பார்க்கவில்லை.

சக்கரத்தில் அப்பியிருந்த சேற்றை வழித்துவிட்டு எண்ணினேன். ஐந்து. அட்டையை வைத்தேன்.

'டக்'கென்று உட்கார்ந்தது.

நான் போட்ட கூச்சலில் மூன்று பேரும் ஓடிவந்தார்கள். சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்ற அட்டையை நிலத்துக்காரர் குனிந்து பார்த்தார். "இன்னாடா இது, என் வண்டி மேல பரீட்சை எழுதிகினு கீறியா?" சித்தப்பா மற்ற மூன்று சக்கரங்களுக்கும் அட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். டக், டக், டக். இரண்டு வண்டி, நாலு சக்கரம். நிலத்துக்காரர் கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்தார். பூட்ட மாடும் இல்லை, ஓட்ட வயலும் இல்லை. "கழட்டிக்கினு போ. ஆனா நாளைக்கு எடம் காலியா இருக்கணும், ஆமா" என்றார். பிறகு என்னைக் காட்டி அப்பாவிடம், "யாரு, ஒம்புள்ளையா?" என்று கேட்டார். "ஆமாங்க. படிக்கிறான்" என்றார் அப்பா.

அன்று மதியம் முதல் சக்கரத்தை மாட்டினார்கள். ஐந்து போல்ட்டும் ஐந்து ஓட்டைக்குள் வெண்ணெயாக இறங்கின. சித்தப்பா நட்டுகளை முறுக்கிவிட்டுக் கையால் சுழற்றினார். 'கர்ர்ர்' என்று உள்ளே உரசியது. பஞ்சர் கடைக்காரர், நான்தான் அன்றைக்கே சொன்னேனே என்ற முகத்தோடு நின்றார். சித்தப்பா சக்கரத்தைக் கழற்றி உட்புறத்தைப் பார்த்தார். விரலை விட்டுத் தோண்டினார். பாறையாகக் காய்ந்த சாணி, கைப்பிடி கைப்பிடியாக வந்தது. "இன்னா கலெக்டரே, இதுக்கு எந்தப் பாடம்?" என்றாள் சித்தி. நாலு சக்கரத்தையும் சுரண்டிக் கழுவி மாட்டியபோது, தட்டிவிட்டால் சத்தமில்லாமல் சுழன்றன. டயர்கள் வழுக்கைதான். பஞ்சர் கடைக்காரரே காற்றடித்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசணிக்காய் உடைத்து, சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அப்பா கடப்பாரையைப் போட்டு நெம்ப, கருங்கற்களைத் தள்ளி எடுத்தோம். வேன் வருஷங்கள் கழித்துத் தரையில் இறங்கிக் குதித்தது. இன்ஜின் உறுமியது. தெருவில் ஒருவர் பழக்கதோஷத்தில், "எந்த ஊரு அண்ணே?" என்று கத்தினார். "பொத்தேரிடா!" என்று சித்தப்பா திருப்பிக் கத்தினார். அன்றுதான் அவர் பொய் சொல்லவில்லை. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வண்டி நகர்ந்தது. தெருவே கைதட்டியது. அப்பா தோள்துண்டை ஆட்டி, ஆடு மாடுகளையும் சைக்கிள்களையும் விரட்டிக்கொண்டு முன்னால் ஓடினார். ஜி.எஸ்.டி. ரோடு வரைக்கும் ஓடினார். நான் பின்னால் ஓடினேன்.

வேன் பெரிய ரோட்டில் ஏறித் திரும்பியபோது நான் அட்டையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினேன். சித்தி பின்ஜன்னல் திரையை விலக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். கையசைக்கவில்லை. பாத்திரங்கள் சரியாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். வண்டி மறைந்த பிறகும் அப்பா துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஓடிய களைப்பு என்று நினைத்தேன்.

மதியம் அம்மா ஆறு தட்டுகளை எடுத்து வைத்தாள். பிறகு இரண்டைத் திரும்பக் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். பானை நிறையச் சோறு இருந்தது. அப்பா இரண்டு கவளத்தோடு கைகழுவிவிட்டார். எனக்கு ஜெயித்த பசி. அம்மா போட்டுக்கொண்டே இருந்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவே இல்லை. இப்படி அள்ளி அள்ளிப் போடுகிறாளே, அம்மாவுக்கு இன்று நம்மேல் எவ்வளவு பெருமை என்று நினைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னேன்.