இன்சுலின் கேட்ட போஸ்டர்

காவிரியில் வெள்ளம் வந்த வாரம், நாமக்கல்லில் தன்னார்வலர்கள் கூடியிருந்த அறையில் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். முகநூலிலும் வாட்ஸப் குழுக்களிலும் மருந்து, ஆம்புலன்ஸ் என்று யார் கேட்டாலும் கண்டுபிடித்து மருத்துவக் குழுவுக்குச் சொல்ல வேண்டும். துள்ளிக்கொண்டுதான் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது, நம் ஆட்கள் தண்ணீரைவிட வேகமாகக் கும்பிடும் கை எமோஜிகளை அனுப்புகிறார்கள்.

காலையில் எல்லாக் குழுக்களிலும் ஒரே போஸ்டர். வெள்ளைச் சட்டையும் கூலிங் கிளாஸுமாக, காதில் போனுடன் ஓர் அண்ணன். மூலையில் பொடி எழுத்தில், "மோகனூர் அருகே சிறுமிக்கு அவசரமாக இன்சுலின் தேவை." எந்த இடம் என்று இல்லை, அது இருக்க வேண்டிய இடத்தில் அண்ணனின் தோள் இருந்தது. கேட்டவரின் எண்ணும் இல்லை, அண்ணனின் எண் மட்டும் கொட்டை எழுத்தில். காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஃபிளெக்ஸ் அடித்துப் பழகிய கூட்டம். முகம் போடாமல் ஒரு மாத்திரைகூடக் கேட்கத் தெரியாது.

அந்த எண்ணைக் கூப்பிட்டேன். எடுத்தது அவருடைய ஆள்.

"அந்தப் பாப்பா எங்க இருக்குதுங்க?"

"அதெல்லாம் தெரியாது. போஸ்டர் நல்லா போயிட்டிருக்குது. நீயும் ஷேர் பண்ணு சாமி."

அனுப்பிய ஒவ்வொருவரிடமும் யார் உங்களுக்கு அனுப்பியது என்று கேட்டேன். "நல்ல விசயம்னு தள்ளி விட்டனுங்க" என்றார்கள், ஏதோ தானம் செய்ததுபோல. கடைசியில், போர்வெல் தோண்டும் ரிக் வண்டிக்காரர்களின் குழு ஒன்றில் சிறுமியின் தாய் அனுப்பிய குரல் பதிவு கிடைத்தது. கணவன் ரிக்கோடு வடக்கே போயிருக்கிறானாம்.

"ஊட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சுங்க. ஊசி மருந்தெல்லாம் பிரிட்ஜோட போச்சு. புள்ள வாந்தியா எடுக்கறா."

எந்தக் கல்யாண மண்டபத்தில் தங்கியிருக்கிறார்கள் என்பதையும் தன் எண்ணையும் தெளிவாகச் சொல்லியிருந்தாள். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். ஒரு புண்ணியவான் மட்டும் ரோஜாப்பூ போட்டிருந்தான்.

அவளைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு மருத்துவக் குழுவுக்குச் சொன்னேன், உடனே கிளம்பினார்கள். சர்க்கரை ஏறித் துவண்டு கிடந்த சிறுமியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். சாயங்காலம் தாயே என்னைக் கூப்பிட்டாள். மகள் கண் விழித்துப் பேசுகிறாளாம்.

"ஏனுங்க, போட்டோல இருக்கற அண்ணன்தான் மருந்து அனுப்புனாருங்களா? அவருக்கு நன்றி சொல்லி வீடியோ போடச் சொல்றாங்க. போன் மேல போன் வருது."

"இல்லீங்கக்கா. போனை ஆஃப் பண்ணிப் போட்டுட்டு, புள்ள பக்கத்துல உக்காருங்க."

"கோவிச்சுக்குவாங்களே?"

"கோவிச்சுக்கட்டும், விடுங்க."